செவ்வாய்க்கிழமை வருகிறவர்

எங்கள் வீட்டில் கூடப்பிறந்தவர்கள் நாங்கள் நாலு பேர். மூத்தவர் எடைமேடை அண்ணன். நடுவில் இருந்த இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசி நான். லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து எடை எழுதியதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். ஒரு கிலோ கூட்டியும் எழுத மாட்டார், ஒரு கிலோ குறைத்தும் எழுத மாட்டார். டிரைவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், "மெஷின் என்ன சொல்லுதோ அதான் எடை. வண்டியை எடு" என்பார். வீட்டிலும் அவருக்கு அதே பேச்சுதான்.

அவருக்கு இரண்டு பையன்கள். நான் சொல்லப்போவது மூத்தவனைப் பற்றி. அவனுக்கு எங்கள் வீட்டில் நிதானம் என்று பெயர். "வீடே பத்தி எரிஞ்சாலும் இவன் வலது செருப்பு எது, இடது செருப்பு எதுன்னு பார்த்துப் போட்டுக்கிட்டுத்தான் வெளியே வருவான்" என்று அவன் அம்மா, அதாவது என் அண்ணி, சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இன்னொரு குணமும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பாத்திரத்தை அவன் கையில் கொடுத்தால் எல்லாருக்கும் வைத்துவிட்டு, அடியில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் தன் தட்டில் போட்டுக்கொள்வான். "உனக்கு எங்கேடா?" என்று கேட்டால், "எனக்கென்ன அவசரம் அத்தை" என்பான். இந்தக் குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கதை இதில்தான் வந்து முட்டப்போகிறது.

இளையவன் அவனுக்கு நேர் எதிர். சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. ஒரு வருஷம் முழுக்கக் காலை எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். உண்மையில் முதல் மாதமே படிப்பை விட்டுவிட்டான். பகலெல்லாம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். அண்ணனுக்கு விஷயம் தெரிந்த அன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் வாசலில் போய் நின்றுகொண்டார்.

"கழட்டாதே. அப்படியே திரும்பிப் போ. இனிமே இந்த வாசலை மிதிக்காதே."

"சரி" என்றான் சின்னவன்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி ஒரு சரி. அதே பையோடு போய்விட்டான். ராத்திரிக்குள் வந்துவிடுவான் என்று நினைத்தோம். பதினாலு வருஷம் ஆகிறது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஒரு கட்டளை போட்டார். "இந்த வீட்ல அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது." யாரும் எடுக்கவில்லை. அண்ணி நாலாவது வருஷம் போனாள். கடைசி மூன்று நாள் வாசலைப் பார்த்தே படுத்திருந்தாள், அப்போதுகூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு ஆண்கள். காலையில் ஒருவர் காபி போடுவார், ராத்திரி ஒருவன் பாத்திரம் கழுவுவான். நடுவில் "மழை வரும் போல", "கேஸ் தீர்ந்துடுச்சு" என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

நிதானம் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். எழுதுகிற வேலை இல்லை, கம்ப்யூட்டர் அறையில் வேலை. பத்திரிகையை போனிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கிறார்களே, அதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற பெரிய மெஷினுக்கு சர்வர் என்று பெயர். அது சூடாகக் கூடாது என்று அறையைக் குளிரவைத்திருப்பார்கள். ஜன்னல் கிடையாது. வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உம் என்று இரைகிற மெஷினுக்குப் பக்கத்தில் இவன் ஒருத்தன். ஒரு தடவை அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட என்னால் உட்கார முடியவில்லை. "எப்படிடா இருக்கே இங்கே?" என்றேன். "மெஷின் எதிர்த்துப் பேசாது அத்தை" என்றான்.

சின்னவன் போன மறுவருஷம், அண்ணனுக்குத் தெரியாமல், நிதானம் தன் பத்திரிகையில் ஒரு காணவில்லை அறிவிப்புப் போட்டான். கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்புக்கென்று தனிப் பக்கம் ஒன்று. சின்னவன் போட்டோ, வயது, நெற்றித் தழும்பு, கீழே, "யாரும் கோபமாக இல்லை" என்று ஒரு வரி. பேசவேண்டிய நம்பர் அவன் அலுவலக நம்பர். அந்தப் பக்கத்துக்கு ஒரு முகவரி உண்டு. நம் வீட்டுக்குக் கதவு எண் மாதிரி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்விக்குறியும் நம்பருமாக நீளமாக ஒன்று. அந்த முகவரியையும் போட்டோவையும் போட்டு முந்நூறு நோட்டீஸ் அச்சடித்து, லீவு நாளெல்லாம் பசை வாளியோடு போய் ஒன்பது ஊர் பஸ் நிலையங்களில் ஒட்டினான். அப்பா கண்ணில் படக் கூடாது என்று சொந்த ஊரில் மட்டும் ஒட்டவில்லை.

கொஞ்ச நாள் போன் வந்தது. எல்லாம் வேறு யாரோ. பிறகு அதுவும் நின்றது.

ஆனால் சர்வருக்கு ஒரு பழக்கம் உண்டாம். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், தேதி, மணி, கேட்ட முகவரி, கொடுத்தது என்ன என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். எடைமேடையில் அண்ணன் எழுதின நோட்டு மாதிரி. நிதானம் அதைத் தினமும் படிப்பான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்கு யாரோ சின்னவன் பக்கத்தைக் கேட்டிருந்தார்கள். அடுத்த செவ்வாயும் அதே நேரம். அதற்கடுத்த செவ்வாயும்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணுவான்.

"இந்த வாரமும் வந்தாச்சு அத்தை."

"யாருடா?"

"செவ்வாய்க்கிழமை."

"பேசினானா?"

"பேசறதுக்கு அதுல வழி கிடையாது. வந்து பார்ப்பான், கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை பார்ப்பான், போயிடுவான்."

"எங்கேருந்து பார்க்கிறான்னு தெரியாதா?"

"பெரிய நகரம் ஒண்ணைத்தான் காட்டுது. லைன் கொடுக்கிற கம்பெனி அங்கே இருக்கு. பாதிப் பேருக்கு அதேதான் காட்டும்."

இதைச் சொன்னவனே, நாலு நாள் லீவு போட்டுவிட்டு அந்த நகரத்துக்குப் போனான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ரயில் நிலைய வாசலில் நின்று, போகிற வருகிற நெற்றிகளையெல்லாம் பார்த்திருக்கிறான். பதினொன்று பத்துக்கு யாரோ அந்தப் பக்கத்தைப் பார்த்ததாக, ராத்திரி அவன் தன் போனில் எடுத்துப் பார்த்த நோட்டில் இருந்தது. "இந்த ஊர்லதான் எங்கேயோ உட்கார்ந்து என் தம்பி பார்த்திருக்கான், நான் வெயில்ல நிக்கிறேன்" என்று அன்று ராத்திரி லாட்ஜிலிருந்து என்னிடம் சொன்னான். கல்யாணப் பேச்சு ஒன்றிரண்டு வந்தது. "தம்பி ஒருத்தன் இருந்தானே, எங்கே?" என்று பெண் வீட்டார் கேட்டதும் எழுந்து வந்துவிடுவான். எழுந்து வந்து எங்கே போவான்? அந்தக் குளிர் அறைக்குத்தான். செவ்வாய்க்கிழமை ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கையில் பத்திரிகைக்காரர்கள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். பக்கங்களெல்லாம் புது அமைப்புக்குப் போகும், முகவரியும் மாறும். கேள்விக்குறியும் நம்பருமாக இருந்தது போய், அழகான சொல்லாக இருக்குமாம். அப்படியானால் பழைய முகவரியை வைத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள்? கேட்டால் பக்கம் இல்லை என்று வரும்.

மேனேஜர் ஒரு வழி சொன்னார். "பழைய முகவரி எது வந்தாலும் முதல் பக்கத்துக்கு அனுப்பிடு. ஒரே வரி. அஞ்சு நிமிஷ வேலை."

"காணவில்லை பக்கமெல்லாம் இருக்கு சார். நோட்டீஸ்ல முகவரி அச்சாகியிருக்கு."

"எத்தனை?"

"அறுநூத்திப் பன்னிரண்டு."

"யாருப்பா அதையெல்லாம் பார்க்கிறா?"

"பார்க்கிறாங்க சார். வாரா வாரம் பார்க்கிறாங்க."

மேனேஜர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். மோசமான மனுஷர் இல்லை அவர். "சரி, உன் நேரத்துல பண்ணிக்கோ. ஆனா திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் புதுசு ஓடணும்" என்றார்.

அது என்ன வேலை என்று அவனிடமே கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். சர்வரில் ஒரு பட்டியல் இருக்கிறது. யாராவது ஒரு முகவரியைக் கேட்டால் சர்வர் முதலில் அந்தப் பட்டியலை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கும். இந்தப் பழைய முகவரி கேட்டால் இந்தப் புது முகவரிக்கு அனுப்பு என்று ஒவ்வொரு வரியிலும் எழுதியிருக்கும். பொருந்துகிற முதல் வரி கிடைத்ததும், அது சொல்கிறபடி அனுப்பிவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே தங்கத்தில் எழுதி வைத்திருந்தாலும் திரும்பிப் பார்க்காது. அதனால் தனித்தனி வரிகளெல்லாம் மேலே இருக்க வேண்டும். மற்ற எதுவானாலும் முதல் பக்கத்துக்கு அனுப்பு என்கிற பொது வரி கடைசியில் இருக்க வேண்டும்.

புது அமைப்பு எல்லாவற்றுக்கும் புது நம்பர் கொடுத்துவிட்டதால் பழையதையும் புதியதையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்தான். தொலைந்துபோன அறுநூற்றுச் சொச்சம் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தான். "இதுல பாதிப் பேர் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க அத்தை. வீட்ல இருக்கிற நல்ல போட்டோவாப் பார்த்துக் கொடுத்திருக்காங்க" என்றான்.

அந்தச் சமயம் நான் முழங்கால் வைத்தியத்துக்காக அண்ணன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தேன். அதனால் மிச்சமெல்லாம் கண்ணால் பார்த்தது.

திங்கட்கிழமை காலையில் அறுநூற்றுப் பதினோரு வரி முடிந்திருந்தது. தன் தம்பியின் வரியை மட்டும் அவன் இன்னும் சேர்க்கவில்லை. காலையிலேயே தனியாக ஒரு தடவை எழுதிப் பார்த்து, சரியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டு, பட்டியலில் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான். எல்லாருக்கும் வைத்துவிட்டுத் தனக்கு. பத்தே முக்காலுக்கு மேனேஜர் ஓடி வந்திருக்கிறார். "அந்தப் பொது வரியைப் போட்டுட்டியா? போடு போடு, மேலே இருந்து கேட்கிறாங்க" என்று பக்கத்திலேயே நின்றார். இவன் பொது வரியை அடியில் போட்டான். அவர் போனதும், தம்பியின் வரியை எழுதினான். எங்கே எழுதினான்? பொது வரிக்கும் கீழே. வரிசையில் கடைசியாக வந்தவன் கடைசியில் நிற்கிற மாதிரி கை தானாக அங்கே போய்விட்டது. பட்டியலின் விதியை எனக்கே சொல்லிக்கொடுத்தவன்!

சரி பார்த்தானா? பார்த்தான். ஆனால் அவன் மேஜையில் இருந்த கம்ப்யூட்டர், காலையில் போய்வந்த வழியை ஞாபகம் வைத்திருந்து, சர்வரைக் கேட்காமலே அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டது. சின்னவன் முகம் வந்தது. நிம்மதியாகக் கையை உதறிவிட்டு எழுந்தான்.

மறுநாள் செவ்வாய். அண்ணன் செவ்வாய்தோறும் காலை பத்தரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போவார். "பிரஷர் பார்த்துட்டு வரேன்" என்பார். அன்றைக்கு இலவசமாகப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அன்றும் போனார். ஒரு மணிக்குத் திரும்பியவர் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே, பிரஷர் ஏறிடுச்சா?"

"ஒண்ணுமில்லை."

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

"வேண்டாம்."

நிதானம் அன்று வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிட்டது. புது அமைப்பில் ஆயிரம் புகார், அதனால் நோட்டைப் படிக்கவில்லை. அண்ணன் அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க பேப்பர்ல பழைய விளம்பரம் எல்லாத்தையும் தூக்கிட்டாங்களா?"

"இல்லையேப்பா. யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க."

"அதெல்லாம் அப்படியே இருக்குப்பா."

"ம்" என்று எழுந்து போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் என் போன் அடித்தது. நிதானம்தான். மூச்சு வாங்கினான்.

"அத்தை, நேத்து அவன் வந்திருக்கான். அஞ்சு தடவை கேட்டிருக்கான். அஞ்சு தடவையும் முதல் பக்கத்துக்குத் துரத்தியிருக்கு."

"ஏன்டா?"

"என்னாலதான். அவன் வரியை அடியில போட்டுட்டேன். அதுவரைக்கும் சர்வர் படிக்கவே இல்லை."

"சரி பண்ணிட்டியா?"

"ஒரு நிமிஷ வேலை. எல்லாத்துக்கும் மேலே கொண்டு வச்சுட்டேன். ஆனா அவனுக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்தை எடுத்துட்டாங்க, வீட்ல எல்லாரும் நம்மளை மறந்துட்டாங்கன்னுதானே நினைப்பான்? பதினாலு வருஷத்துல அவன் தட்டுறது இந்த ஒரு கதவுதான் அத்தை. அதையும் நானே சாத்திட்டேன்."

ஐந்து தடவை. அது அவனை அரித்துவிட்டது. ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்த வாரம் முழுக்கச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். எதிரில் அண்ணனும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, நான் மட்டும் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தேன். "என்னப்பா இது, ஆளுக்கொரு ஆஸ்பத்திரி மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு?" என்று கேட்டுப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் வந்தது. காலையில் நிதானம் வழக்கத்தைவிட முன்னால் போய்விட்டான். பதினொன்றிலிருந்து திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். பதினொன்று பத்து ஆனது. யாரும் கேட்கவில்லை. பதினொன்றரை. பன்னிரண்டு. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் பன்னிரண்டே கால் வரை பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பகலில் அவன் வீடு திரும்பி நான் பார்த்தது அன்றுதான்.

உள்ளே வந்தவன் அண்ணன் அறையைப் பார்த்து நின்றான். அண்ணன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அப்பா, இன்னிக்கு பிரஷர் பார்க்கப் போகலையா?"

"போய் என்ன ஆகப்போகுது" என்றார் திரும்பாமல்.

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். மூக்குக் கண்ணாடிக் கூடு தலையணைக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தது. கையில் படுமே என்று மூடி வைக்கப் போனான் நிதானம். கூட்டுக்குள் எட்டாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. எடுத்துப் பிரித்தான். பிறகு சத்தம் போடாமல் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.

அவன் ஒட்டின நோட்டீஸ். மூலைகளில் பசையோடு சேர்ந்து சுவர்ச் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்திருந்தது. அடியில் இருந்த முகவரிக்குக் கீழே பென்சிலால் கோடு. பின்பக்கம், எடை எழுதிப் பழகின அந்தக் கையெழுத்தில், "செவ்வாய் 11 மணி, பிரவுசிங் சென்டர், கூட்டம் இல்லை" என்று இருந்தது.

எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போன அன்று, அண்ணன் எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். நகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. கேட்டதற்கு, "சுவர்ல கை பட்டுடுச்சு" என்றார். சாவு வீட்டில் யார் அதையெல்லாம் கிண்டிக் கேட்கப்போகிறார்கள்? மூன்று வருஷம் அந்தக் காகிதத்தைச் சும்மாவே வைத்திருந்திருக்கிறார். வேலையை விட்டபிறகுதான் போய்ப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

நிதானம் அதை எந்த மடிப்பில் இருந்ததோ அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்தான். கூட்டைத் திறந்து கிடந்தபடியே விட்டான். சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தான்.

"அந்த ரயில் நிலைய வாசல்ல வெயில்ல நின்னேனே அத்தை" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"உங்கப்பாவாவது வந்தாரே" என்றேன்.

"ஆமா. அப்போ அவன் ஒரு நாள்கூட வரலை, இல்லையா?" என்றான்.

தட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அன்று அவனுக்குத்தான் முதலில் பரிமாறினேன்.

ராத்திரி மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். நேராகப் போய், "உங்களைத்தான் துரத்திட்டேன் அப்பா" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அண்ணன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். பேரை எடுக்காதே என்று சொன்னவர் அவர். நிதானம் என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினான்.

"ஆபீஸ்ல ஒரு தப்பு நடந்துடுச்சு அத்தை. என் தப்புதான். பழைய முகவரி ஒண்ணு ரெண்டு முதல் பக்கத்துக்கே போயிடுச்சு."

"அடப்பாவி. அப்புறம்?"

"போன புதன்கிழமையே சரி பண்ணிட்டேன். இப்ப எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. எந்தப் பழைய நோட்டீஸை வச்சுக் கேட்டாலும் வரும்."

"இனிமே தூக்க மாட்டாங்களே?"

"நான் அங்கே இருக்கிற வரைக்கும் தூக்க முடியாது."

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. தட்டை என் பக்கம் கொஞ்சம் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வை" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். "பிரஷர் பார்த்துட்டு வரேன்." பதினொன்று பன்னிரண்டுக்கு என் போன் அடித்தது. "வந்தாச்சு அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அதற்கு முந்தின நாள் அவன் ஒரு வேலை செய்திருந்தான். அந்தப் பக்கத்தில் சின்னவன் போட்டோ தீப்பெட்டி அளவுக்குத்தான் இருந்ததாம். வீட்டிலிருந்த பழைய படத்தைத் திரும்ப எடுத்து, திரை முழுக்க வருகிற மாதிரி பெரிதாகப் போட்டுவிட்டான். எழுத்தையும் பெரிதாக்கினான்.

மத்தியானம் அண்ணன் வந்து சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, "கண்ணு இன்னிக்கு என்னமோ தெளிவா இருக்கு" என்றார்.

"பிரஷர் எவ்வளவுண்ணே?"

"எங்கே பார்த்தேன்? ஒரே கூட்டம்."

முழங்கால் தேவலையானதும் நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். நிதானம் இப்போதும் அந்தக் குளிர் அறையில்தான் இருக்கிறான். நோட்டை இன்னும் படிக்கிறான். செவ்வாய் பதினொன்று பத்தைத் தவிர வேறு ஏதாவது ஒரு நாள், வேறு ஏதாவது ஒரு நேரத்தில், யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. இதுவரை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனில் அதைப் பற்றி அவனும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. மேனேஜர் ஒரு நாள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு வரி மட்டும் ஏன் எல்லாத்துக்கும் மேலே இருக்கு?" என்று கேட்டாராம். "இருக்கட்டும் சார். வயசானவர் ஒருத்தர் வருவார்" என்றானாம்.

போன செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே எனக்குப் போன் பண்ணினான்.

"அத்தை, இங்கே மழை பிடிச்சுக்கிச்சாம். அப்பாவைக் குடை எடுத்துக்கச் சொல்லேன்."

"நீயே சொல்லேன்டா. உன் ஆபீஸ் ஒரு தெரு தள்ளி இருக்கு, நான் ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கேன்."

"அவர் போறது எனக்குத் தெரியாதே அத்தை."

அதுவும் சரிதான். அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மழையா அங்கே? குடை எடுத்துக்கிட்டுப் போங்க."

"பிரஷர் பார்க்கப் போறவனுக்கு நீ அங்கேருந்து குடை பிடிக்கிறியா?"

"எடுத்துக்குங்களேன்."

"சரி சரி, கையிலதான் இருக்கு."

அன்று அவர் பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் பக்கத்தைக் கேட்டாராம். அந்தப் பதினைந்து நிமிஷமும் நிதானம் எழுந்து அறை வாசலிலேயே நின்றிருந்தானாம். மழை சத்தம் அங்கேதான் கொஞ்சம் கேட்குமாம்.